நலமான பத்துப் பேர்

மார்ச் 3, செவ்வாய்

இன்று மதியம் ஒருவர் வந்து என்னை நன்றாகத் திட்டிவிட்டுப் போனார். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். எங்கள் மரபணு ஆய்வகம் ஐந்தாவது மாடியில் இருக்கிறது. இங்கே ரத்தம்தான் வரும், ரத்தத்துக்குச் சொந்தக்காரர்களைக் கீழே ஆலோசனை அறையில்தான் பார்ப்போம், மேலே அவர்கள் வருவது அபூர்வம். இவர் லிஃப்டுக்குக்கூட நிற்காமல் படியேறி வந்திருந்தார். மூச்சு வாங்கியது. கையில் நான் கையெழுத்துப் போட்ட அறிக்கை. ‘நோய்க்குக் காரணமான மாற்றம் எதுவும் காணப்படவில்லை.’

அவருடைய மகளுக்குப் பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடத்தில் மணி அடித்தால் மயங்கி விழுகிறாள். தினமும் இல்லை, சில நாள். ஆசிரியைகள் நடிப்பு என்கிறார்கள். இ.சி.ஜி. இரண்டுங்கெட்டானாக இருப்பதால் இதய மருத்துவர் மருந்து தொடங்கத் தயங்குகிறார். எங்கள் அறிக்கைக்காகத்தான் காத்திருந்திருக்கிறார். அந்தப் பெண்ணின் சித்தப்பா ஒருநாள் காலை அலாரம் அடித்ததும் எழுந்து உட்கார்ந்தவர், அப்படியே சரிந்து போய்விட்டார். முப்பது வயது.

"தம்பி போய்ச் சேந்துட்டான். பொண்ணு விழுந்து விழுந்து எழுந்திருக்கிறா. நீங்க ஒண்ணுமில்லன்னு எழுதிக் குடுக்கறீங்க. ஒண்ணுமில்லாததுக்கா மேடம் மனுஷன் சாவான்?"

"இல்லைன்னு எழுதலைங்க. எங்க கண்ணுக்குத் தெரியலைன்னுதான் எழுதியிருக்கோம்" என்றேன். எல்லோரிடமும் சொல்கிற பாட்டுதான்.

"அப்ப கண்ணாடியை மாத்துங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் கண்ணாடி போடுவதில்லை.

மார்ச் 4, புதன்

தூக்கம் சரியில்லை. பல் டாக்டராகப் போயிருக்கலாம். ஓட்டை இருந்தால் இருக்கிறது, இல்லையென்றால் இல்லை.

மார்ச் 6, வெள்ளி

இருப்புக்கொள்ளவில்லை. கணினிப் பிரிவில் இருக்கும் பையனிடம் போனேன். ‘பையன்’ என்று சொல்வது வழக்கம்தான், அவனுக்கே இரண்டு குழந்தைகள். ஆய்வகத்தில் அவன் பெயர் வடிகட்டி. ஒரு மனிதருடைய மரபணுக்களைப் படித்தால் மாற்றங்கள் ஆயிரக்கணக்கில் வந்து குவியும். ஒருவர் மூக்கு நீளம், இன்னொருவர் மூக்கு சப்பை என்பதைப் போல, பெரும்பாலானவை யாரையும் ஒன்றும் செய்யாதவை. அவற்றைக் கழித்துவிட்டு, சந்தேகப்பட வேண்டிய ஒரு கைப்பிடியை மட்டும் என் மேஜைக்கு அனுப்புவது அவன் எழுதிய நிரல்.

"அந்தப் பொண்ணோடதை வடிகட்டாம எனக்குக் குடு."

"அக்கா, குப்பைத்தொட்டியையே தூக்கிக் குடுக்கச் சொல்றீங்க."

"குடுடா. கிளறிப் பாத்துக்கறேன்."

"என் மேல நம்பிக்கை இல்லையா?" முகம் சுருங்கிவிட்டது அவனுக்கு. இல்லை என்று சொல்லவில்லை, இருக்கிறது என்றும் சொல்லவில்லை. திங்கள்கிழமை தருகிறானாம்.

மார்ச் 9, திங்கள்

இருக்கிறது.

குப்பைத்தொட்டியில்தான் கிடந்தது. இதயத் துடிப்பின் தாளத்தைக் காக்கிற ஒரு மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாற்றம். புதிதாகக் கண்டுபிடித்ததுகூட இல்லை. வேறு குடும்பங்களில் பார்த்து, ஆபத்தானது என்று ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறார்கள். திடீர்ச் சத்தம் கேட்டால் துடிப்பு தடுமாறும், மயக்கம் வரும், சில நேரம் எழுந்திருக்க மாட்டார்கள். பள்ளி மணி. அலாரம். எல்லாம் பொருந்துகிறது.

பின்னே ஏன் வடிகட்டியில் விழுந்தது? அவனும் நானும் தலையைப் பிய்த்துக்கொண்டு பார்த்தோம். காரணம் தெரிந்ததும் இரண்டு பேர் முகத்திலும் ஈயாடவில்லை.

இந்தப் பரிசோதனையை ஆரம்பித்தபோது ஒப்பிட்டுப் பார்க்க நலமானவர்களின் ரத்தம் தேவைப்பட்டது. வெளியே போய் யாரைக் கேட்பது? ஆய்வக ஊழியர்களே சட்டைக் கையை மடித்தோம். பத்துப் பேர். பெயரை எடுத்துவிட்டு எண் கொடுத்தார்கள். ஒரு விதியும் செய்துகொண்டோம்: இந்தப் பத்துப் பேரில் யாரிடமாவது இருக்கிற மாற்றம் நோய்க்குக் காரணமாக இருக்க முடியாது, அதைத் தள்ளிவிடலாம். ஏனென்றால் பத்துப் பேரும் தெம்பாக நடமாடுகிறோம், டீ குடிக்கிறோம், சண்டை போடுகிறோம். நலம் என்று யார் சான்றிதழ் கொடுத்தது? நாங்களேதான் கொடுத்துக்கொண்டோம்.

அந்தப் பெண்ணிடம் இருக்கிற அதே மாற்றம் நாலாம் எண்ணிடமும் இருக்கிறது. அதனால்தான் நிரல் அதைத் தள்ளிவிட்டது.

உடனே அந்த அப்பாவுக்குப் போன் செய்தேன். நாளை வரச் சொல்லியிருக்கிறேன். இதய மருத்துவரிடமும் பேசியாயிற்று.

மார்ச் 10, செவ்வாய்

மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். ஒல்லியான பெண், முழங்காலில் காய்ந்த சிராய்ப்பு. "நான் நடிக்கல இல்ல?" என்பதுதான் அவள் கேட்ட ஒரே கேள்வி. இல்லம்மா என்றேன். அவ்வளவுதான், அப்பா பக்கம் திரும்பி "பாத்தியா" என்றாள். மாத்திரை இன்றே தொடங்குகிறார்கள். பள்ளியில் அவள் வகுப்புக்குப் பக்கத்து மணியைக் கழற்றச் சொல்லிக் கடிதம் கொடுத்தோம்.

மகளை வெளியே உட்கார வைத்துவிட்டு அவர் கேட்டார், முதலில் ஏன் தெரியவில்லை என்று. மழுப்பியிருக்கலாம். மழுப்பவில்லை, நடந்ததைச் சொன்னேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மனம் வேறு எங்கோ போய்விட்டது.

"அப்ப உங்க ஆபீஸ்ல ஒருத்தருக்கும் இது இருக்கு."

"ஆமாங்க."

"யாரு?"

"எனக்குத் தெரியாது."

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப இங்க உக்காந்து என்கிட்ட என்ன பேசிட்டிருக்கீங்க? போய்ச் சொல்லுங்க மேடம் முதல்ல!"

மார்ச் 12, வியாழன்

யாருடைய ரத்தத்துக்கு எந்த எண் என்பது எங்கள் தலைவருக்கு மட்டும் தெரியும். காலையிலேயே அவர் அறைக்குப் போய்விட்டேன்.

அவர் பிடி கொடுக்கவே இல்லை. "ரத்தம் குடுக்கும்போது படிவத்துல கேட்டோம் இல்ல, எதாவது தெரியவந்தா சொல்லணுமா வேணாமான்னு? நாலாம் நம்பர் வேணாம்னு எழுதிக் குடுத்திருக்காங்க. வேணாம்னவங்ககிட்ட எப்படிப் போய்ச் சொல்றது? உங்களுக்குத் தெரியாததா டாக்டர்?"

"சும்மா ஒப்புக்குக் குடுத்திருப்பாங்க சார். அதையெல்லாம் யாரு படிச்சா?"

"நீங்க படிச்சீங்களா?"

"நான் அன்னிக்கு வேலையா இருந்திருப்பேன். அதுவா சார் இப்ப பிரச்சினை?"

குரல் ஏறிவிட்டது. நாளைக்கே ஏதாவது ஆனால் அவர் வீட்டு வாசலில் போய் நிற்க உங்களுக்கு முகம் இருக்கிறதா என்றெல்லாம் கேட்டுவிட்டேன். மனிதர் என் முகத்தையே பார்க்கவில்லை. பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். கடைசியில், பத்துப் பேரையும் ஒன்றாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லி, இப்போது என்ன நினைக்கிறார்கள் என்று மறுபடி கேட்பதாக ஒத்துக்கொண்டார். செவ்வாய்க்கிழமை. அதுவரை?

மார்ச் 13, வெள்ளி

எல்லோரையும் திருட்டுத்தனமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கணக்காளர் படியேறினால் மூச்சு வாங்குகிறது (தொப்பை). வரவேற்பில் இருக்கும் பெண் நேற்றுத் தலை சுற்றுகிறது என்றாள் (சாப்பிடவில்லையாம்). மாதிரிகளைக் கொண்டுவரும் ஓட்டுநர் நாள் முழுக்க ஹாரன் சத்தத்தில் இருக்கிறார். வடிகட்டி தும்மினால்கூடத் திரும்பிப் பார்க்கிறேன். வரவேற்பு மேஜைத் தொலைபேசியின் மணிச்சத்தத்தை யாரும் பார்க்காதபோது குறைத்து வைத்தேன். "என்னக்கா, போன் செத்துப்போச்சா?" என்று அவள் கேட்கிறாள். தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

பழைய அறிக்கைகளை எல்லாம் அந்த விதி இல்லாமல் மறுபடி ஓட்டுகிறோம். ‘காணப்படவில்லை’ என்று நான் எத்தனை பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்! ஒவ்வொன்றும் முடியும்வரை உயிர் என்னிடம் இல்லை.

மார்ச் 17, செவ்வாய்

பத்துப் பேரும் கூட்ட அறையில் உட்கார்ந்தோம். தலைவர் விஷயத்தைச் சொன்னார். கணக்காளர், "நான்தான்னா முதல்ல லீவு குடுத்துடுங்க சார்" என்றார், எல்லோரும் தேவைக்கு மேல் சிரித்தார்கள். வரவேற்புப் பெண்ணுக்கு அடுத்த மாதம் கல்யாணம். "எனக்கு வேணாம். தெரியாமலே இருந்துட்டுப் போறேன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். யாரும் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஓட்டுநர் "சொல்லிடுங்க, ரோட்டுல நாலு பேர் போறாங்க" என்றார். வடிகட்டி சரி என்று தலையை மட்டும் ஆட்டினான்.

என் முறை வந்தது. இத்தனை நாள் தொண்டை கிழியக் கத்தியவள் நான். கையிலிருந்த தாளை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தேன். ஏன்? எனக்கென்ன? அப்போதுதான் ஞாபகம் வந்தது, நானும் அன்றைக்கு ‘வேண்டாம்’ என்றுதான் எழுதிக் கொடுத்திருந்தேன். ஊசி போட்ட கையோடு, பேசிக்கொண்டே.

"எனக்கும் சொல்லுங்க சார்" என்றேன்.

கூட்டம் கலைந்ததும் அவர் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். உட்காரச் சொன்னார். மேஜையில் இருந்த தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். அவ்வளவுதான், புரிந்துவிட்டது. மோசமான செய்தி சொல்லும் முன் டம்ளரை நகர்த்த வேண்டும் என்று இந்த ஆய்வகத்தில் எல்லோருக்கும் வகுப்பெடுத்தவளே நான்தான்.

"நாலாம் நம்பர் நீங்கதாம்மா." டாக்டர் என்று கூப்பிடவில்லை. "அன்னிக்கு வந்து நீங்க வாதாடினப்போ, எனக்கு எங்க பாக்கறதுன்னே தெரியல."

மார்ச் 18, புதன்

அப்பா.

அப்பா நாற்பத்து நாலு வயதில் செத்தார். விடியற்காலையில் வீட்டுப் போன் அடித்தது. தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார். ரிசீவரைத் தொடுவதற்குள் விழுந்துவிட்டார். எனக்குப் பதினாறு வயது, பக்கத்து அறையில் இருந்தேன். அவர் விழுந்த பிறகும் அது அடித்துக்கொண்டே இருந்தது. மாரடைப்பு என்றார்கள். கூப்பிட்டது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. அந்த ஆளை அம்மா இன்றுவரை சபித்துக்கொண்டிருக்கிறாள்.

எத்தனை குடும்பங்களுக்கு வம்சப் படம் வரைந்திருக்கிறேன்! ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவர் மேல் சாய்வாக ஒரு கோடு. ‘உங்க குடும்பத்துல யாராவது சின்ன வயசுல திடீர்னு இறந்திருக்காங்களா?’ ஒருவரிடமும் கேட்காமல் விட்டதில்லை. என்னை நான் கேட்டேனா? அந்த மனுஷன் வந்து, தம்பி அலாரம் அடிச்சு செத்தான்னு மூஞ்சிக்கு நேரா சொல்றார். அப்பவாவது உறைக்க வேணாமா? மண்டையில என்னதான் இருக்கு எனக்கு? அப்பா அப்பாவாத்தான் இருந்தார், சதுரமா தெரியவே இல்லையே.

என் மகனுக்கும் இருக்கலாம். ஐயோ, பாதிக்குப் பாதி. இதை எத்தனை பேரிடம் எவ்வளவு அமைதியாகச் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 20, வெள்ளி

என் இ.சி.ஜி. சரியில்லை. மாத்திரை தொடங்கியாயிற்று. வாசல் அழைப்பு மணியின் ஒயரைப் பிடுங்கிவிட்டேன். பால்காரர் கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுத் திட்டிக்கொண்டே போகிறார்.

அம்மாவுக்குப் போன் செய்தேன். அப்பாவுக்கும் எனக்கும் கூடப்பிறந்தவர்கள் இல்லை, எச்சரிக்க வேறு யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "அப்ப அந்தப் போன் பண்ணவன்?"

"ராங் நம்பரா இருக்கும்மா. அவன் மேல தப்பில்ல. எந்தச் சத்தமா இருந்தாலும் நடந்திருக்கும்."

அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது.

"இத்தனை வருஷம் வாய் வலிக்க வலிக்கச் சபிச்சேனேடி. அவன் பிள்ளைகுட்டிக்கு ஒண்ணும் ஆயிருக்காதுல்ல?"

சாபம் ரத்தத்தில் போகாது அம்மா, அதை நான் எழுதியே தருகிறேன் என்றேன். அழுதாள். நானும்தான்.

மார்ச் 22, ஞாயிறு

மகனிடம் சொன்னேன். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவன் அப்பா பிரிந்து போய்ப் பல வருடம் ஆகிறது. சோபாவில் கால் நீட்டிப் படுத்திருந்தவன் எழுந்து உட்கார்ந்தான். என்னைப் பற்றி நிறையக் கேட்டான். உனக்கு வலிக்குமா, வேலைக்குப் போகலாமா, நான் என்ன செய்யணும் என்று. நெஞ்சு குளிர்ந்தது. சரி, நாளைக்கு உனக்கும் ரத்தம் எடுத்துவிடலாம் என்றதும் முகம் மாறியது.

"எனக்கு வேணாம்."

"டேய்."

"தெரிஞ்சா அப்புறம் ஒவ்வொரு துடிப்பையும் எண்ணிக்கிட்டே கிடப்பேன். எனக்கு இருபது வயசும்மா. வேணாம்."

"வேணாம்னா? மாத்திரை இருக்குடா. அந்தச் சின்னப் பொண்ணு சாப்பிடுது."

"நீதானே எல்லார்கிட்டயும் சொல்வே, பதினெட்டு ஆயிட்டா அவங்கவங்க முடிவு, அம்மா அப்பா கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு? ஊருக்குத்தான் உபதேசமா?"

கெஞ்சிக் கூத்தாடி, கைபேசி அலாரத்தை மட்டும் நிறுத்த வைத்தேன். இனிமேல் நான்தான் காலைப் பிடித்து இழுத்து எழுப்ப வேண்டும்.

மார்ச் 28, சனி

டிரைவிங் ஸ்கூல்காரர் மறுபடி வந்தார், தன் ரத்தத்தைக் கொடுக்க. மகளுக்கு மயக்கம் வரவில்லையாம். போகிற போக்கில், "அந்த ஆளுகிட்ட சொல்லிட்டீங்களா மேடம்?" என்றார்.

என் ரத்தம், என் விஷயம். யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? "நான்தாங்க அது."

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு மெதுவாக, "ரெண்டு குடும்பத்துக்கும் ஒரே எழுத்துதான் மாறியிருக்குன்னா... எப்பவோ ஒரு தாத்தா நமக்குப் பொதுவா இருந்திருப்பாரோ?"

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்."

"உங்களுக்கு ஒரு பதில்கூட நேரா வராதா?" என்று சிரித்தார். "வயசைப் பாத்தா நீங்க எனக்கு அக்கா முறை. அக்காவைப் போய் கண்ணாடியை மாத்துன்னுட்டேனே. வீட்டுல பிள்ளைங்க இருக்காங்களாக்கா? அவங்களுக்குப் பாத்தாச்சா?"

பார்க்கிறோம் என்றேன். பொய் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

ஏப்ரல் 7, செவ்வாய்

பையன் குளிக்கிறான். கதவுக்கு வெளியே நின்று தண்ணீர்ச் சத்தம் கேட்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். தெருவில் லாரி ஹாரன் அடித்தால் ஓடிப்போய் அவன் அறையை எட்டிப் பார்க்கிறேன். "என்னம்மா?" "ஒண்ணுமில்ல." ஒண்ணுமில்லையாம்!

ஏப்ரல் 8, புதன்

செய்யக்கூடாததைச் செய்தேன். இல்லை, செய்யப் போனேன்.

மற்ற அம்மாக்களால் முடியாதது என்னால் முடியும். குடித்த டம்ளர் போதும், சீப்பில் வேரோடு ஒரு முடி போதும். அவன் கல்லூரிக்குப் போனதும் குளியலறையிலிருந்து அவனுடைய நீல நிறப் பல் பிரஷை எடுத்து, மாதிரி போடும் பையில் போட்டு, கைப்பையில் வைத்துக்கொண்டேன். திருடி மாதிரி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன்.

மேஜை மேல் வைத்தேன். கையுறை போட்டேன். ஏதாவது ஓர் எண்ணைப் போட்டுக் கூட்டத்தோடு கூட்டமாக ஓட்டிவிட்டால் ஈ காக்கைக்குத் தெரியாது. இருந்தால் எப்படியாவது மாத்திரையைக் கொடுத்துவிடலாம். எப்படி? சாப்பாட்டில் கலந்தா? உனக்கு இருக்கிறது என்று சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பான். சொல்லாமல் இருந்தால், அவன் சிரிக்கும்போதெல்லாம் நான் மட்டும் தெரிந்துகொண்டு பார்த்திருக்க வேண்டும். வரவேற்பில் இருக்கிற பெண் வேண்டாம் என்றபோது எல்லோரும் பேசாமல் இருந்தோமே, அவள் யாருக்கோ மகள் இல்லையா?

ஆனால் இவன் என் மகன். என் மகன்.

கையுறையைக் கழற்றினேன். பிரஷை அப்படியே திருப்பி எடுத்து வந்துவிட்டேன்.

எடுத்து வந்தேனே தவிர, எடுத்த இடத்தில் வைக்க மறந்து தொலைத்தேன்.

ஏப்ரல் 9, வியாழன்

"அம்மா, என் பிரஷ் எங்க?"

புதுசு வாங்கிக்கோ என்று சொல்லியிருக்கலாம். கைப்பையைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். மாதிரிப் பையைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது.

"பண்ணிட்டியா?"

"இல்ல."

"பொய் சொல்லாதே."

"சத்தியமா இல்லடா. கொண்டு போனேன். மேஜை மேல வெச்சேன். திரும்ப எடுத்துட்டு வந்துட்டேன்."

"ஏன்?"

"நீ வேணாம்னு சொல்லியிருந்தே."

பிரஷை மேஜை மேல் வைத்தான். பிறகு, "திருடக்கூடத் தெரியல உனக்கு" என்று சொல்லிவிட்டுப் பல் தேய்க்காமலே போய்விட்டான். கதவை அறையவில்லை, மெதுவாகத்தான் சாத்தினான். சத்தம் ஆகாது எனக்கு என்பதற்காக. அதை நினைத்துத்தான் உட்கார்ந்து அழுதேன்.

ஏப்ரல் 13, திங்கள்

பேச்சில்லை. சாப்பிட வா என்றால் வருகிறான், சாப்பிடுகிறான், போகிறான். காலையில் காலை இழுத்தால் எழுந்துவிடுகிறான். அது ஒன்றுதான் எங்களுக்குள் நடக்கிற பேச்சு.

ஏப்ரல் 21, செவ்வாய்

இன்று இழுக்க வேண்டியிருக்கவில்லை. நான் காபி போட்டுக்கொண்டிருக்கும்போதே சட்டைக் கையை மடித்துக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றான்.

"ரத்தம் குடுக்கறேன். ஆனா நீ தொடக் கூடாது. ரிசல்ட்டையும் நான்தான் முதல்ல கேப்பேன். நீ வெளிய உக்காரணும்."

"சரி."

"எட்டிப் பாக்கக் கூடாது."

"சரிடா."

ஏன் மனசு மாறினாய் என்று கேட்கத் துடித்தது. கேட்கவில்லை. பஸ்ஸில் அவனாகவே ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "நீ பண்ணியிருந்தா நான் இந்த ஜென்மத்துல குடுத்திருக்க மாட்டேன்."

மே 5, செவ்வாய்

கீழே மரபணு ஆலோசகர் அவனைத் தன் அறைக்குள் கூட்டிக்கொண்டு போனார். நான் வெளியே பெஞ்சில், மற்ற அம்மாக்களோடு. பக்கத்தில் இருந்தவர் "உங்க பையனுக்கு என்னங்க?" என்று கேட்டார். தெரியலைங்க என்றேன். என் வாழ்நாளில் அவ்வளவு நேரான பதிலை நான் யாருக்கும் சொன்னதில்லை.

வெளியே வந்தான். நான் எழுந்திருக்கவில்லை. அவன்தான் என் முன்னால் வந்து குந்தி உட்கார்ந்தான்.

"உன் மூக்கு வந்துச்சு. உன் கோபம் வந்துச்சு. இது மட்டும் விட்டுட்டுப் போயிடுமா?"

பிறகு என் கைப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, எழுந்திரு என்றான். மருந்துக்கடை மூடுவதற்குள் போக வேண்டியிருந்தது. இதய மருத்துவர் எழுதிய இரண்டு சீட்டையும் நீட்டினோம். ஒரே மாத்திரைதான். கடைக்காரர் தனித்தனி உறையில் போடட்டுமா என்று கேட்டார்.

"வேணாம், ஒண்ணாவே போடுங்க" என்றான். "ஒரே வீடுதான்."